இராயப்பருக்குப் பூக்கொடுத்த அரசன்

தொண்ணூற்று நாலாம் ஆண்டு, ரொறன்ரோவில், மோர்னிங்சைட் பக்கத்துத் தமிழர்களுக்குச் சரஸ்வதி பூசை வைக்க மண்டபம் கிடைத்தது பஸ்ரியனால்தான். தான் போகும் தேவாலயத்துச் சுவாமியாரிடம், எங்கள் ஊர்ச் சனம் நல்ல சனம் என்று வாக்குக் கொடுத்துத் தேவாலய மண்டபக் கதவுத் திறப்பை வாங்கி வந்தான்.

மண்டபத்தின் நடுச்சுவரில் ஆளுயரச் சிலுவை ஒன்று இருந்தது. அதைக் கண்டதும் பூசைக் குழுத் தலைவர் செல்வரட்ணத்துக்கு முகம் கறுத்துவிட்டது.

"சிலுவைக்குக் கீழை சரஸ்வதியை வைக்கிறதோ? உந்தச் சிலுவையை எப்பிடியாவது மறைச்சுவிடும், நவரட்ணம்."

நவரட்ணம் குழுச் செயலாளர். ஊரில் சரித்திரம் படிப்பித்தவர். கூட்டத்துக்கு முன்னால் மணிக்கணக்காகப் பேசுவார். ஒருவன் முகத்தைப் பார்த்து உள்ளதைச் சொல்ல மட்டும் நாக்கு எழும்பாது. ஆகவே பஸ்ரியனிடம் பொய் சொன்னார்.

"பஸ்ரி, பூசை முடிய நான் எகிப்துக் கோயிலைப் பற்றி ஸ்லைட் போட்டுப் பேசப்போறன். ஒரு வெள்ளை பெட்சீற் கொண்டுவாரும். நடுச்சுவரிலை கட்டினால்தான் படம் எல்லாருக்கும் தெரியும். பூசைக்கு முதலே வெள்ளனக் கட்டிவிட்டால் வேலை முடிஞ்சிது."

"அதுக்கென்ன அண்ணை," என்றான் அந்த அப்பாவி.

மனைவி புதிதாக வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த விரிப்பைக் கொண்டுவந்து, ஏணியில் ஏறி, சுருக்கம் விழாமல் இழுத்துத் தன் கையாலேயே சிலுவைக்கு மேலே கட்டினான். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற நவரட்ணத்துக்கு நெஞ்சு சுருக்கென்றது. ஆனால் கெட்டித்தனம் பலித்த சந்தோசத்தில் அது கொஞ்ச நேரத்திலேயே மறந்துபோனது.

பூசை, அவல், சுண்டல் எல்லாம் முடிந்து விளக்கை அணைத்தார்கள். புரொஜெக்டருக்குப் பக்கத்தில் பஸ்ரியன் உட்கார்ந்தான். நவரட்ணம் பேச ஆரம்பித்தால் பிறகு கேட்க வேண்டுமா?

நைல் நதிக்கரையில், நூபியாவில், வாடி எஸ் செபுவா என்றொரு கோயில். இரண்டாம் ரம்சேஸ் கட்டுவித்தது. முன்பக்கம் கல் அடுக்கிக் கட்டியது. கருவறையோ பாறையைக் குடைந்தது. அங்கே அரசன் தன் தெய்வங்களுக்குப் பூக்கொடுத்துக்கொண்டு சுவரில் நின்றான். பல நூற்றாண்டு கழித்துக் கிறிஸ்தவர்கள் வந்து அதைத் தேவாலயமாக்கினார்கள்.

"அவை என்ன செய்தவை தெரியுமோ? சாமியளையும் அரசனையும் சாந்து பூசி மூடிப்போட்டு, சாமியள் நிண்ட இடத்துக்கு மேலை பேதுருவைப் படமாய்க் கீறினவை. பிறகு பக்கத்துச் சாந்து உதிர, அரசன் வெளியிலை வந்திட்டான். இப்பப் பாத்தால் ரம்சேஸ் பேதுருவுக்குப் பூக் குடுக்கிறான்."

சனம் சிரித்தது. "பேதுரு எண்டால் எங்கடை இராயப்பர்," என்று பஸ்ரியனும் இருட்டில் சிரித்தான்.

நவரட்ணத்துக்கு உசார் ஏறிவிட்டது. "அடுத்தவன்ரை சாமியை மூடி மறைக்கிறவனுக்குத் தன்ரை சாமியிலை நம்பிக்கை காணாது எண்டுதான் அர்த்தம்," என்று குரலை உயர்த்தினார். கைதட்டினார்கள்.

முன்வரிசையில் செல்வரட்ணம் எழுந்தார். பாராட்டத்தான் எழுந்தார், பாவம்.

"எங்கடை செயலாளரும் லேசுப்பட்ட ஆளில்லை. சிலுவையை மறைக்க ஒரு வழி பாரும் எண்டு சொன்னன். படம் காட்டப்போறன் எண்டு சொல்லி, பஸ்ரியனைக் கொண்டே மறைப்பிச்சுப்போட்டார்."

ஒன்றிரண்டு பேர்தான் சிரித்தார்கள். துணியில் இராயப்பர் நின்றார். கைதட்டு வாங்கிய தன் வாக்கியமே திரும்பி வந்து நவரட்ணத்தின் முகத்தில் அறைந்தது. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

"அடுத்த படத்தைப் போடட்டோ, அண்ணை?"

பஸ்ரியனின் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மிச்சப் படங்களுக்கு என்ன சொன்னார் என்று நவரட்ணத்துக்கே தெரியாது.

சனம் போனபின் பஸ்ரியன் விரிப்பை அவிழ்த்து, இரண்டு மூலைகளை அவரிடம் நீட்டினான். பெரிய விரிப்பு, தனி ஆளாக மடிக்க முடியாது. ஒவ்வொரு மடிப்புக்கும் ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டியிருந்தது. கடைசி மடிப்பில் முகத்துக்கு நேரே முகம் வந்தபோது நவரட்ணம் குனிந்துகொண்டார்.

"பஸ்ரி, நான்..."

"சிலுவையை மூட வேணுமெண்டு பூசைக்காரர் கேட்டால் மூடட்டும் எண்டு சுவாமியார் முதலே சொன்னவர், அண்ணை. நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. எங்கடை சனத்தின்ரை பெரிய மனசைப் பார் எண்டு மனிசிக்குச் சொன்னனான். அதுதான் அவள் புதுசைத் தந்துவிட்டவள்."

விரிப்பைப் பைக்குள் வைத்துவிட்டு அவன் கதவைப் பூட்டத் திறப்பைத் தேடினான். நவரட்ணம் நிமிர்ந்து சுவரைப் பார்க்கவில்லை.