கேப்டன் சிருசா மாதிரியே

எங்கள் ஊர் லுகோம்பேயில் சினிமாக் கொட்டகை கிடையாது. அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் கேப்டன் சிருசா. வாரம் ஒருமுறையாவது புகாவு நகரத்திலிருந்து உப்பும் சோப்பும் பீரும் ஏற்றிக்கொண்டு தன் சின்ன விமானத்தில் வந்து இறங்குவார். திரும்பும்போது தகரம் உருக்கச் சுரங்கத்தில் வெட்டிய தகரக்கல் மூட்டைகளும் ஆட்களும். வருவதை யாரும் பார்க்க மாட்டோம். கிளம்புவதைப் பார்க்கத்தான் வேலையைப் போட்டுவிட்டு வருவோம். மற்ற விமானிகள் சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டு ஏறிப் போய்விடுவார்கள். இவர் மட்டும், பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் மகளைச் சிங்காரிக்கும் தாய் மாதிரி, அந்த விமானத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்.

என் டீக்கடை ஓடுபாதையை ஒட்டித்தான். முதல் வரிசை எனக்கு.

முதலில் பாதையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தே பார்ப்பார். கல்லைப் பொறுக்கி எறிவார், ஆட்டை விரட்டுவார், யாராவது மரவள்ளி காயப்போட்டிருந்தால் திட்டுவார். அப்புறம் இறக்கைக்கு அடியில் குனிந்து சின்னக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் விமான எண்ணெய் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். அடியில் தண்ணீர் நின்றால் கொட்டிவிட்டு மறுபடி பிடிப்பார். முன்னால் சுழலும் விசிறியைக் கத்தி முனை பார்ப்பதுபோல விரலால் தடவுவார். இறக்கை ஓரத்துப் பலகையை ஆட்டுவார், வால் பலகையைத் தூக்கி இறக்குவார், சக்கரத்தை உதைப்பார். கடைசியாக எல்லோரையும் மூட்டை போடும் தராசில் நிற்கவைத்து எடையைச் சத்தமாகப் படிப்பார். அங்கேதான் வேடிக்கையே. வயிற்றில் தகரக்கல்லைக் கட்டிக்கொண்டு ஏழு மாசம் என்று சாதித்தவள் ஒருத்தி உண்டு. பெயரைச் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பின் வீட்டு நசிம்பயாதான்.

இதையெல்லாம் அப்படியே நடித்துக் காட்டுவான் முகிஷோ. சர்க்காரை எதிர்த்துச் சுரங்கத்தைப் பிடித்து வைத்திருந்த மேஜர் ராடியின் வலது கை அவன். மேஜர் என்று யார் பட்டம் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள், கேட்டவர்கள் இல்லை. மூட்டைகளுக்குக் காவலாக முகிஷோதான் எப்போதும் கேப்டனுக்குப் பக்கத்து இருக்கையில் போவான். சாயங்காலம் பீர்க்கடையில் நாற்காலியைக் கவிழ்த்து விமானமாக்கிக்கொண்டு, சிருசாவின் அந்தக் கூன் நடை, குப்பியைப் பார்க்கும்போது ஒரு கண்ணை மூடுவது, எல்லாவற்றையும் செய்வான். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலிக்கும். மனிதர்களைக் கொன்றவன்தான். ஆனாலும் சிரிப்பு வந்தால் என்ன செய்வது.

அன்றைக்குக் காலையிலேயே பேய்க்காற்று. சிருசா இறங்கியதும் விமானத்தின் வால் பலகை படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் உள்ளே எக்கி, விமானத்தை ஓட்டப் பிடிக்கும் வளையத்தின் தண்டில் ஓர் ஆணியைச் செருகினார். வளையம் அசையாமல் இறுகிவிட்டால் வால் பலகையும் அடித்துக்கொள்ளாது. அதற்கென்று சிவப்புத் துணி தொங்கும் நல்ல கம்பி ஒன்று இருந்ததாம். எங்கேயோ தொலைத்துவிட்டு, மழுங்கிய பழைய ஆணியை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, பாதையை நடந்து பார்த்துவிட்டு வந்ததும், யாரும் ஏறுவதற்கு முன் அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். டீயைக் கொண்டுபோய்க் கையில் கொடுக்கிறவள் என்பதால் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

உப்பு மூட்டைகளைப் பாதிதான் இறக்கியிருப்பார்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் துப்பாக்கிச் சத்தம். சர்க்கார் படை. சுரங்கத்துப் பாதையில் ராடியின் ஆட்கள் ஓடிவந்தார்கள். சிலருக்குச் செருப்பில்லை, ஒருவனுக்கு ஒரு கண்ணே இல்லை, இருந்த இடத்திலிருந்து ரத்தம் வழிந்தது. பின்னால் ராடி, பக்கத்தில் முகிஷோ, அவர்களுக்குப் பின்னால் மூட்டை சுமப்பவர்கள். இப்போது பயமில்லை, ராடியை அவன் என்றே சொல்லலாம்.

"கேப்டன், வண்டியக் கெளப்பு. நாங்க ஒம்பது பேரு. மூட்ட எல்லாத்தையும் ஏத்து."

"அஞ்சு பேர் போலாம் மேஜர்," என்றார் சிருசா. "மூட்ட கெடையாது. பாத சேறா இருக்கு, அந்தப் பக்கம் மரம்."

சொல்லிவிட்டு ஓடுபாதையில் நடக்க ஆரம்பித்துவிட்டார். வழக்கம்போலக் குனிந்து, கல்லைப் பொறுக்கிக்கொண்டு.

"எங்கடா போறான் இவன்?" என்றான் ராடி.

"நடந்து பாக்கப் போறார் மேஜர்," என்றான் முகிஷோ. அந்த நேரத்திலும் அவன் முதுகு தானாகக் கூன் போட்டது. "அவர் அப்படித்தான். செத்தாலும் சவப்பெட்டியச் சுத்திப் பாத்துட்டுத்தான் படுப்பார்."

ராடி வானத்தைப் பார்த்துச் சுட்டான். சிருசா நிற்கவில்லை. ராடி ஓடிப்போய் அவர் சட்டைக் காலரைப் பிடித்து, சேற்றில் இழுத்துக்கொண்டே வந்து, என் கடைக்கு முன்னால் போட்டு மிதித்தான். வயிற்றில், விலாவில், முகத்தில். பூட்ஸ் படும் ஒவ்வொரு முறையும் அடுப்பில் இருந்த என் கெட்டில் அதிர்ந்தது போல இருந்தது. மூச்சு வாங்கித்தான் நிறுத்தினான், மனசு வந்து நிறுத்தவில்லை.

சிருசா எழுந்தார். உடைந்த பல்லைத் துப்பினார். நேரே தராசுக்குப் போய் அதன் பலகையில் கை ஊன்றிக்கொண்டார்.

"ஒவ்வொருத்தரா வந்து நில்லுங்க. மொதல்ல நீங்க."

"என்னையா நிக்கச் சொல்ற?"

"மேஜர்னா வெயிட் கொறஞ்சிருமா?"

யாரோ ஒருவன் பின்னால் களுக்கென்று சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் வினை. ராடி துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, பலகையில் ஊன்றியிருந்த வலது கை மேல் கட்டையால் இடித்தான். பச்சை மரவள்ளித் தண்டை முழங்காலில் வைத்து ஒடிப்போமே, அதே சத்தம். மறுபடியும் இடித்தான். தராசின் முள் போய் முனையில் முட்டித் திரும்பியது.

ஆனால் ராடிக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. போன மழைக்காலத்தில் அதிகம் ஏற்றிய வேறொரு விமானம் அதே மரங்களில் மோதியதை அவனும் பார்த்தவன்தான். "சரி, அஞ்சு பேர்," என்றான். "மத்தவங்க ஆத்துப் பக்கம் நின்னு தடுங்க."

அப்போதுதான் பார்க்க வேண்டும் அந்த முகங்களை. ஒரே சட்டியில் தின்றவர்கள் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்தார்கள், சந்தையில் ஆட்டைப் பார்ப்பதுபோல. கிகுனி என்று ஒருவன், கூட்டத்திலேயே ஒல்லி, முன்னால் வந்து தானே தராசில் ஏறி நின்றான்.

"பாருங்கண்ணே, நான் ஒண்ணும் எடையே இல்ல. ஒங்களுக்குத் தொடையில குண்டு பட்டப்ப முதுகுல தூக்கிட்டு வந்தவன் நான்."

"எறங்குடா."

"எறங்க மாட்டேன்ணே."

ராடி நெஞ்சில் சுட்டான். கிகுனி தராசிலேயே உட்கார்ந்து, பிறகு பின்னால் சாய்ந்தான். அவ்வளவுதான், தங்களுக்கு இடமில்லை என்று தெரிந்தவர்கள் துப்பாக்கியை எடுத்தார்கள். நான் அடுப்புக்குப் பின்னால் குப்புற விழுந்துவிட்டேன். கண்ணால் பார்க்காததைச் சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு என்று ஊரில் ஒரு பேச்சு, அதனால் காதில் விழுந்ததை மட்டும் சொல்கிறேன். சுடும் சத்தம், என் தண்ணீர்ப் பீப்பாய் ஓட்டையாகும் சத்தம், அம்மா அம்மா என்று ஒருவன், பிறகு அவனும் இல்லை. தலையைத் தூக்கினபோது கிகுனியோடு சேர்த்து நாலு பேர் செத்துக் கிடந்தார்கள். இருவர் காட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். நின்றது ராடி, முகிஷோ, அந்த ஒற்றைக் கண்ணன்.

"இப்ப எடம் இருக்குல்ல?" என்றான் ராடி. "மூட்டைய ஏத்துங்க."

மிச்ச உப்பை இறக்கிப் போட்டுவிட்டு மூட்டை சுமப்பவர்கள் ஏற்றினார்கள். ஏற்றி முடித்த பிறகுதான் ராடி கேப்டன் பக்கம் திரும்பினான். அவருடைய வலது கை முழங்கைக்குக் கீழே வேறொருவர் கைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. தான் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது அந்தப் புத்திசாலிக்கு.

"ஒத்தக் கையால ஓட்டு."

"ஒரு கைக்கு வளையம், ஒரு கைக்கு வேக விசை," என்றார் சிருசா. பல் போன வாயால் குழறலாக வந்தது. "கால வச்சா புடிக்கிறது?"

ராடி துப்பாக்கி முனையை அவர் நெற்றியில் வைத்தான். எனக்குக் கண்ணை மூடக்கூடத் தோன்றவில்லை.

"விடுங்க மேஜர்," என்றான் முகிஷோ. "நான் ஓட்டுறேன். எத்தன தடவ பக்கத்துல ஒக்காந்து போயிருக்கேன், வானத்துல எங்கிட்டக் குடுத்துட்டுத் தூங்குவார் மனுஷன். அவர் இருந்து பாக்கட்டும். எனக்கும் வேடிக்க பாக்க ஆள் வேணாமா?"

ஆற்றுப் பக்கம் சத்தம் நெருங்கியது. ராடி துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணனோடு போய் ஏறினான். நான் சிருசாவைக் கடைக்குள் இழுத்து, இடுப்புத் துணியைக் கிழித்துக் கையைக் கட்ட ஆரம்பித்தேன்.

வெளியே முகிஷோ ஆட்டத்தைத் தொடங்கினான். பிணங்களுக்கு நடுவில் கூன் போட்டு நடந்தான். ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தான். இறக்கைக்கு அடியில் குனிந்து, இல்லாத குப்பியில் இல்லாத எண்ணெயைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி வெயிலில் பார்த்தான். விசிறியை விரலால் தடவினான். வால் பலகையில் கையைப் பட்டும் படாமலும் வைத்து, தூக்கி இறக்குவதாகப் பாவனை செய்தான். நிஜமாகத் தூக்கியிருந்தால் அது அசையாததைக் கண்டிருப்பான். சக்கரத்தை உதைத்தான். கேப்டன் சிருசா மாதிரியேதான், ஒரு குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கம் பார்த்துக் குனிந்து ஒரு வணக்கம் வேறு.

அவன் ஏறி உட்கார்ந்ததும் விசிறி சுழன்றது. அந்தச் சத்தம் கேட்டதும் சிருசாவின் உடம்பு தூக்கிப்போட்டது.

"ஆணி," என்றார். "அக்கா, அவன் ஆணிய எடுக்கல."

"எடுக்காட்டி?"

"மூக்கு தூக்காதுக்கா. மேல போகாது."

"போகாட்டிப் போகட்டும், படுங்க."

என்னைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே தள்ளாடிப் போனார். அவரைக் கொல்லப் பார்த்தவர்கள் அவர்கள். தொண்டை கிழியக் கத்தினார். அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. இடது கையைத் தூக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து, எதையோ பிடுங்கி எறிவதுபோலச் செய்துகாட்டினார். மறுபடியும், மறுபடியும்.

முகிஷோ ஜன்னல் வழியாகப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. இது புது அசைவு, அவன் ஆட்டத்தில் இல்லாதது. கையைத் தூக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து, எதையோ பிடுங்கி எறிவதுபோல அப்படியே திருப்பிச் செய்தான். தோள் சாய்வுகூடத் தப்பவில்லை. பிறகு சிரித்துக் கையாட்டிவிட்டு விசையைத் தள்ளினான்.

விமானம் ஓடியது. கிகுனியின் காலைத் தாண்டி, சேற்றை வாரியடித்துக்கொண்டு ஓடியது. வழக்கமாக மூக்கைத் தூக்கும் இடம் எங்கள் எல்லோருக்கும் தெரியும், பாதை ஓரத்துச் சவுக்கு மரக் கொடிக்கம்பத்துக்கு நேரே. கம்பத்தைத் தாண்டியும் சக்கரம் தரையில்தான் இருந்தது. கடைசி வரை வேகம் குறையவில்லை. முழு வேகத்தில் மரங்களுக்குள் போனது. ஓர் இறக்கை மரங்களுக்கு இந்தப் பக்கமே கழன்று விழுந்தது. பின்னால் அடுக்கியிருந்த தகரக்கல் மூட்டைகள் முன்னால் வந்து அவர்களை நசுக்கியிருக்கும் என்று பிறகு பார்த்தவர்கள் சொன்னார்கள். நெருப்பு உடனே பிடித்துக்கொண்டது. ஒருவன் கொஞ்ச நேரம் கத்தினான். யார் குரல் என்று தெரிந்துகொள்ள எனக்குக்கூட ஆசை வரவில்லை.

சிருசா சேற்றில் மண்டியிட்டு வாந்தி எடுத்தார்.

"வானத்துலதான் அவங்கிட்ட வளையத்தக் குடுத்திருக்கேன்," என்றார். "தரையில தொட விட்டதே இல்ல. தரையில அது இறுகித்தான் இருக்கும்னு நெனச்சிருப்பான்."

மேலே பேச நேரமில்லை. ஆற்றைத் தாண்டிச் சர்க்கார் படை வந்துகொண்டிருந்தது. ராடிக்குத் தகரக்கல் தூக்கிய விமானியை அவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு அடுத்த ஊரில் உதாரணம் இருந்தது. மரத்தில் கட்டிச் சுட்டார்கள். நானும் நசிம்பயாவுமாக அவரைத் தூக்கிக் கடைக்குள் கிடத்தி, மேலே காய்ந்த பொடிமீன் கோணிகளை அடுக்கினோம். வயிற்றில் எடை கட்டிப் பழகியவள், வலு இருக்கிறது.

வந்த அதிகாரி இளவயசுக்காரன். வந்ததும் ஓடாமல் நின்ற ஒரு சுமை தூக்கியைக் கன்னத்தில் அறைந்து கீழே தள்ளினான். கேள்வி பிறகுதான்.

"ராடியோட பைலட் எங்க?"

ஊரே என்னைப் பார்த்தது. நியாயம்தான். யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை சொல்லுகிற வாய் இது. ஒரு வார்த்தை கேட்டால் ஒன்பது வார்த்தை வரும். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் அப்போது மூச்சை நிறுத்தினார்கள் என்று எனக்குத் தெரியும், அதைப் பிறகு அவரவர் வீட்டில் போய்க் கேட்டுவிட்டேன்.

"உள்ள," என்றேன், எரிவதைக் காட்டி.

"உள்ள எங்க?"

"எடது பக்கம். அங்கதான ஒக்காருவார்."

அவன் தணலுக்கு அருகே போய், இடது இருக்கையில் கருகிக் கிடந்ததன் மேல் துப்பாக்கியில் இருந்த அத்தனை குண்டையும் இறக்கினான். காறித் துப்பினான். திரும்பி வந்து டீ கேட்டான். கோணிகளை ஒட்டிய பெஞ்சில்தான் உட்கார்ந்தான். பொடிமீன் நெடி அப்படி அடித்தது, அவனே இரண்டு முறை தும்மினான். கோணிக்கடியில் இருந்தவர் தும்மவில்லை. அவன் இன்னொரு டம்ளர் கேட்டான். கொடுத்தேன்.

பைலட் செத்துப்போனார் என்று நான் சொன்ன செய்தி சிருசாவின் கால்களைவிட வேகமாகப் புகாவு போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் காட்டு வழியாக நடந்து, ஒடிந்த கையோடு வீட்டை அடைந்தபோது வாசலில் துக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். மனைவி வெளியே வந்து பார்த்து, முதலில் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாளாம். அழுததெல்லாம் அப்புறம்தானாம். எந்தக் கன்னத்தில் என்பதை மட்டும் யாரும் சரியாகச் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.