வாத்து வரும் பட்டன்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் பிளம்பருக்கு நோகாத வேலை. குழாய் ஒழுகினால் செயலியில்தான் புகார் கொடுக்க வேண்டும். அந்தச் செயலியோ பொடி எழுத்தில் கேள்வி மேல் கேள்வி கேட்டு, கடைசியில் 'பிழை' என்று முகத்தில் அடித்துவிடும். ஜனங்கள் வாளியை வைத்துச் சமாளித்துக்கொண்டார்கள். பிளம்பர் மோட்டார் ரூமில் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

புதிதாக வந்த மேனேஜர் ஒரு டிசைனர் பெண்ணைப் பிடித்து எல்லாவற்றையும் மாற்றினார். இப்போது ஒரே ஒரு நீலப் பட்டன்: 'குழாய் ஒழுகுது'. அமுக்கினால் திரை முழுக்கத் தண்ணீர் நிறையும். மஞ்சள் வாத்து ஒன்று நீந்தி வந்து, தலையைத் தாழ்த்தி வணக்கம் போடும்.

மறுநாளிலிருந்து பிளம்பருக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆனால் எந்த வீட்டிலும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"எங்கம்மா ஒழுகுது?"

"ஒழுகலை அண்ணே. வாத்து நல்லா இருக்குன்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. சும்மா பார்த்தேன்."

இன்னொரு வீட்டுப் பெரியவர், வரவழைத்தவரை வெறுமனே அனுப்ப மனம் வராமல், நல்ல குழாயைத் தானே கழற்றி வைத்திருந்தார். ஒருநாள் பிளம்பரின் சொந்த மனைவியிடமிருந்தே புகார். அடித்துப்பிடித்து ஓடினார்.

"நீயுமா?"

"உங்களைவிட அது மரியாதையா தலையாட்டுதுங்க."

பிளம்பர் நேரே டிசைனரிடம் போய் நின்றார். "அம்மாடி, அந்த வாத்தைத் தொலைச்சுக் கட்டும்மா."

"ஐயோ, அதுக்காகத்தானே எல்லாரும் செயலியைத் திறக்கிறாங்க!"

"அப்போ இடத்தை மாத்து. 'குழாய் நல்லா இருக்கு'ன்னு ஒரு பட்டன் வை. அதை அமுக்கினா வாத்து வரட்டும்."

அப்படியே செய்தாள். புகார் சுத்தமாக நின்றது. "கில்லாடிய்யா நீ!" என்று மேனேஜர் பிளம்பரின் முதுகில் தட்டினார்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் மாடிப்படியில் தண்ணீர் அருவியாக இறங்கியது. பிளம்பர் ஏறிப் போய், தண்ணீர் வந்த வீட்டுக் கதவைத் திறந்தால், கணுக்கால் அளவு வெள்ளம். மேஜைமேல் சம்மணம் போட்டு, பள்ளிக்கூட டீச்சர் ஃபோனை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், பைப் வெடிச்சிருக்கு, 'நல்லா இருக்கு'ன்னு அமுக்குறீங்க?"

"உண்மையைச் சொன்னா வாத்து வர மாட்டேங்குதே!"

பிளம்பர் தொப்பலாக நனைந்து வால்வை மூடினார். தண்ணீர் நின்றதும் டீச்சருக்கு முகம் மலர்ந்தது. "இனிமே பொய் சொல்ல வேண்டாம்," என்று மறுபடி ஃபோனை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க," என்றார் பிளம்பர். இத்தனை அமளியிலும் அவர் அந்த வாத்தை ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மேஜைமேல் ஏறி உட்கார்ந்தார். "இப்போ அமுக்குங்க."