குரும்பலூர்க்காரர் இல்லை

அரியலூர் லாட்ஜ் மேனேஜர் ஆண்டவர் நீட்டிய பில்லை, மலேசியாவிலிருந்து அப்பாவின் ஊரைப் பார்க்க வந்திருந்த இளையபெருமாள் இரண்டு தரம் படித்தான். மஞ்சள்காமாலையில் கஞ்சி மட்டும் குடித்துக் கிடந்தவன் பேரில் பிரியாணியும் கோழி வறுவலுமாக எழுதி வைத்திருக்கிறான் படுபாவி! சிமெண்டு லாரிக்காரர்கள் தின்று தீர்த்ததெல்லாம் இவன் தலையில்.

"இதையெல்லாம் நான் தொட்டுக்கூடப் பாக்கலங்களே."

"நோட்டுல இருக்குதே தம்பி. குடுத்துட்டுப் பாஸ்போர்ட்ட வாங்கிக்குங்க."

புகார் சொல்லப் போலீசுக்குப் போகவும் பயம். காமாலையில் கிடந்தபோதே விசா முடிந்துவிட்டது. மலேசியாவில் மனைவி மலர்க்கொடிக்கு நிறைமாதம். கைக்கடிகாரத்தை விற்றுக் கட்டினான்.

விசா முடிந்தவன் நாடு திரும்ப அனுமதி வாங்கப் போன திருச்சி போலீஸ் ஆபீசில் அடுத்த இடி. வெளிநாட்டார் தங்கினால் லாட்ஜ்காரர் போலீசுக்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அந்த அலைச்சலுக்குச் சோம்பி, "அப்பா ஊரு குரும்பலூருங்க" என்று இவன் ஆசையாகச் சொன்னதையே விலாசமாகப் போட்டுவிட்டார் ஆண்டவர். நம்ம ஊர்ப் பிள்ளையாம்! அன்று அதைக் கேட்டு இவனுக்கும் உச்சி குளிர்ந்துதான் போனது.

அரியலூருக்குப் போன் போட்டு விசாரித்த அதிகாரி எரிந்து விழுந்தார்.

"யோவ், லாட்ஜுல நீ குரும்பலூர்க்காரன், பாஸ்போர்ட்டுல மலேசியாக்காரன். எதுய்யா நெசம்? நீ வெளிநாட்டு ஆளுதான்னு அந்த ஊர்ல யாராச்சும் வந்து சொல்லட்டும். அப்பத்தான் ஒன்ன அனுப்ப முடியும்."

அந்த ஊரில் இவனுக்கு இருப்பது சித்தப்பா செல்லமுத்து ஒருவர்தான். வந்த அன்றே, நிலத்தில் பங்கு கேட்க வந்துவிட்டான் என்று பயந்து, "எங்க அண்ணனுக்குப் புள்ளையே கெடையாது" என்று வாசலோடு திருப்பி அனுப்பியவர். அதனால்தான் இவன் லாட்ஜில் தங்க நேர்ந்தது. இப்போது அவர் காலிலேயே போய் விழ வேண்டியிருந்தது. மானங்கெட்ட பிழைப்பு.

விஷயத்தைக் கேட்டதும் சித்தப்பாவுக்கு வந்த சுறுசுறுப்பைப் பார்க்க வேண்டுமே! வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார்.

"இவரு உங்களுக்குச் சொந்தமா பெரியவரே?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க ஐயா. மலேசியாவுலேருந்து ஊர் பாக்க வந்தவரு. எங்க வூட்டுக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க."

"என்னய்யா, சரிதானா?"

இளையபெருமாள் சித்தப்பாவைப் பார்த்தான். மலர்க்கொடியை நினைத்துக்கொண்டான்.

"சரிதாங்க சார்."

அதிகாரி அதை எழுதி நீட்ட, சித்தப்பா கைநாட்டு வைத்தார். பெருவிரல் மையை எங்கே துடைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு இடது காதுக்குப் பின்னால், முடியில் தேய்த்துக்கொண்டார். மலேசியா எஸ்டேட்டில் சம்பள நாளன்று அப்பாவும் அங்கேதான் தேய்ப்பார்.