பொய்க் கோர்ட்டில் எரிந்த கற்பூரம்

எங்கள் காஞ்சிபுரத்தில் கோர்ட்டுப் படி ஏறாதவனை ஒரு மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். பெருமாளுக்கு முன்னால் எந்தக் கோஷ்டி முதலில் பாடுவது என்பதற்கே தலைமுறை தலைமுறையாக வழக்காடிய ஊர் இது. இங்கே இரண்டு பள்ளிக்கூடங்களுக்குள் பொய்க் கோர்ட்டுப் போட்டி வைத்தால் கேட்க வேண்டுமா? நெசவுக்காரர்கள் தறியை விட்டு இறங்கி வந்து மண்டபத்தை நிரப்பிவிட்டார்கள்.

வழக்கை ஒரே தாளில் அச்சடித்து இரண்டு கட்சிக்கும் கொடுத்திருந்தார்கள். முனியன் என்ற வேலையாள் பட்டுக்கடையில் சரிகை திருடினானா, இல்லையா? தாளில் இருப்பதற்கு மேல் யாரும் புதிதாக ஒன்றும் சேர்க்கக்கூடாது என்பது விதி. முனியனுக்கு நான் வக்கீல். முனியனாக நின்றவன் என் வகுப்புச் சாமுவேல். என்னைவிட நன்றாக வாதாடுகிறவன் அவன். ஆனால் திருடன் வேஷத்துக்கு யார் என்று வாத்தியார் கேட்டதும் அத்தனை பேர் கண்ணும் அவன் பக்கம்தான் போனது. சேரிப் பையன் இருக்கும்போது வேறு ஆள் தேடுவார்களா?

எதிர்க்கட்சிக்குச் சின்ன காஞ்சிபுரத்துச் சம்பத்குமார் வக்கீல். நிஜ வக்கீலின் மகன், அந்தக் கர்வம் நடையிலேயே தெரியும். அவனுடைய சாட்சி பராங்குசம் கூண்டில் ஏறியதும், சம்பத்குமார் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றி நீட்டினான். பராங்குசம் உள்ளங்கையால் அதை அடித்து அணைத்தான். சபையே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"சத்தியமாச் சொல்றேன். இவன் பேர் முனியன் இல்லே, சாமுவேல். தர்மன் முதலியார் சாயப்பட்டறையிலே அடுப்பெரிக்கிற மரியம்மாளோட பிள்ளை. அவ எடுத்துக் குடுத்த சரிகையை இவன் மடியிலே ஒளிச்சுண்டு போனதை என் கண்ணாலே பார்த்தேன்."

நான் துள்ளி எழுந்தேன். "ஐயா, இது தாளிலேயே இல்லை! பச்சைப் பொய்!" என்று கத்தினேன்.

நீதிபதியாக உட்கார்ந்திருந்தவர் ரிட்டையரான ஒரு சப் ஜட்ஜ். வெள்ளைக்காரனிடம் உத்தியோகம் பார்த்த மனிதர், விதி தெரியாதவர் அல்ல. "கற்பூரத்தை அணைச்சுச் சொல்றான், நீ உட்காருப்பா. சாட்சி பிரமாதம்!" என்றார். அவர்கள் ஜெயித்தார்கள்.

மறுநாள் காலையில் தர்மன் முதலியார் மரியம்மாளைத் தெருவில் நிறுத்தி, பத்துப் பேர் கேட்க, திருடி என்று சொல்லித் துரத்திவிட்டார். அந்தக் கூலியில்தான் வீட்டில் உலை கொதித்தது, சாமுவேலும் படித்துக்கொண்டிருந்தான். நான் முதலியாரிடம் ஓடினேன்.

"அது வெறும் விளையாட்டுங்க."

"வெளையாட்டுக்கு எவனாவது கற்பூரம் அணைப்பானாபா? ஐயிரு வூட்டுப் புள்ள பொய்ச் சத்தியம் பண்ணிக்கினு இருக்குமா? அவனே வந்து இன்னொரு தபா கற்பூரம் அணைச்சு இல்லேன்னு சொல்லட்டும், சேத்துக்கிறேன்."

நானும் சாமுவேலும் பராங்குசத்தைத் தேடிப் போனோம். சாமுவேல் அக்கிரகாரத்துத் தெருமுனையிலேயே நின்றுகொண்டான். அவனை நிற்கச் சொல்ல யாரும் வேண்டியிருக்கவில்லை. பராங்குசம் வீட்டு வாசலில் சம்பத்குமாரும் இருந்தான்.

"ஒரு தரம் வந்து நிஜத்தைச் சொல்லிடுப்பா," என்றேன்.

பராங்குசம் காதைப் பொத்திக்கொண்டான். "அன்னிக்கு அணைச்சது நாடகம். இப்போ அணைச்சா அன்னிக்குப் பொய்ச் சத்தியம் பண்ணினேன்னு ஆயிடும். மகா பாவம்! அப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சுடுவார்."

பொய் சொல்ல அணைத்தபோது சுடாத கை, உண்மை சொல்ல அணைத்தால் சுடுமாம்! எனக்குக் காறித் துப்பலாம் போல் இருந்தது. சம்பத்குமாரோ சிரித்தான். "கோர்ட்டுன்னா ஜெயிக்கறதுக்குத்தானேடா. அவன் அம்மாவுக்கு வேறெங்காவது அடுப்பு கிடைக்காமலா போயிடும்?"

தெருமுனைக்கு வந்து சொன்னேன். சாமுவேல் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தான்.

அந்த வார முடிவில் பரிசளிப்பு. முன்வரிசையில் தர்மன் முதலியார். கோப்பை சம்பத்குமார் கட்சிக்கு. அதோடு விட்டார்களா? நன்னடத்தைக்கென்று தனியாக ஒரு மெடல் வைத்திருந்தார்கள், அதுவும் சம்பத்குமாருக்கே! அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கடைசியாக, சிறந்த நடிப்புக்கான வெள்ளி மெடலுக்குச் சப் ஜட்ஜ் சாமுவேலைக் கூப்பிட்டார். "திருடனாவே நின்னான்பா பையன்!" என்றார். சபை சிரித்தது.

சாமுவேல் மேடையேறிக் கும்பிட்டான். மெடலைத் தொடவில்லை.

"ஐயா, நான் சும்மா நின்னுக்கினுதான் இருந்தேன். நடிச்சது பராங்குசம். பார்க்காததைப் பார்த்தேன்னு அழாத கொறையா சொன்னாரே, அதை மாதிரி யாரால முடியும்? இது அவருக்குத்தான் சேரணும்."

சப் ஜட்ஜுக்குப் புல்லரித்துவிட்டது. "என்ன பெருந்தன்மை! பராங்குசம், வா இப்படி. அத்தனையும் நடிப்பாப்பா? நான் நிஜம்னே நம்பிட்டேனே!"

வெள்ளி பளபளத்தது. கை தட்டல் கூரையைப் பிளந்தது. பராங்குசத்துக்கு வாயெல்லாம் பல். அவன் அப்பா எதிரில் உட்கார்ந்திருப்பதும் மறந்துபோயிற்று.

"ஆமாம் சார். எல்லாம் நடிப்புதான். நான் எதையும் பார்க்கலே. சம்பத்துதான் சொல்லிக் குடுத்தான்."

கை தட்டல் பாதியில் நின்றது. சம்பத்குமார் மெடலைச் சட்டைப்பைக்குள் தள்ளினான். தர்மன் முதலியார் எழுந்து நின்று மேடையையே வெகுநேரம் பார்த்தார். பிறகு வெளியே வந்து சாமுவேலைப் பிடித்தார்.

"காத்தால உங்க அம்மாவ வரச் சொல்லுபா."

"நான் அனுப்ப மாட்டேங்க," என்றான் சாமுவேல். "தெருவுல எல்லார் எதிர்லயும்தானே திருடின்னு சொன்னீங்க? எங்க தெருவுக்கு வந்து, எல்லார் எதிர்லயும் கூப்பிடுங்க."

மறுநாள் முதலியார் சேரிக்குப் போனார். தலை குனிந்து போனார் என்று எழுத எனக்கும் ஆசைதான். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, யாருக்கோ உபகாரம் செய்கிறவர் போலத்தான் போனார். ஆனாலும் சேரி வாசலில் நின்று, "மரியம்மா, நீ ஒண்ணும் எடுக்கல, வேலைக்கு வாம்மா" என்று சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

நன்னடத்தை மெடலைச் சம்பத்குமாரிடமிருந்து யாரும் திருப்பிக் கேட்கவில்லை.