கசங்கத் தெரியாத படுக்கை

கிட்ட வாங்க கண்ணுகளா. கதவோரம் காற்று வரும், சுவரை ஒட்டி உட்காருங்க. கால் நீட்டணும்னா நீட்டிக்கலாம், இங்கே யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. வாடகை வீட்டுக்கு அலைந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். இதில் பேய் கிடையாது, ராஜா கிடையாது. வீட்டுக்காரர்கள் உண்டு. பயப்பட வேண்டுமென்றால் அதுவே போதும்.

மலை உச்சியில் ஓர் ஊர். வெயிலுக்கு அஞ்சியவர்களும், புதிதாகக் கல்யாணம் ஆனவர்களும், டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னவர்களும் வந்து தங்கிவிட்டுப் போகிற ஊர். அங்கே இருக்கும் பெரிய ஓட்டலில் படுக்கை விரிக்கிற வேலை ஒருத்திக்கு. அவள் விரித்த விரிப்பில் எறும்பு நடந்தால் வழுக்கி விழும் என்று சொல்வார்கள். அதனால் அவளுக்கு மடிப்பு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும்.

அவள் புருஷனுக்கு ரோப் காரில் கதவு சாத்துகிற வேலை. “கையை உள்ள வைங்க, குழந்தையைப் பிடிச்சுக்குங்க” என்று பகலெல்லாம் சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வரும்போது அவன் வாயில் பேச்சு மிச்சம் இருக்காது. அந்தக் குறை தெரியாமல் அவனுடைய அம்மா பார்த்துக்கொண்டாள்.

ஊரில் வீடுகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை வீடாக இல்லை. தையல்காரர் வீடு ‘மேகக்கூடு’ ஆகிவிட்டது. மருந்துக்கடை மாடி ‘பனித்துளி’ ஆகிவிட்டது. இப்படி ஒரு பலகை மாட்டிவிட்டால் அப்புறம் அதில் யாரும் குடியிருக்க முடியாது, தங்கத்தான் முடியும். குடியிருப்பதற்கும் தங்குவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், தங்குகிறவர்களுக்குச் சுடுதண்ணீர் வரும்.

மடிப்புக்கு முதலில் கிடைத்த வீடு ஊருக்குள்ளேயே இருந்தது. குடி போன அன்றைக்கே அவள் படுக்கையை விரித்தாள். ஓட்டலில் விரிப்பதைப் போலவே விரித்தாள், வேறு மாதிரி விரிக்க அவளுக்குத் தெரியாது. விரிப்பின் மூலைகளை மடித்து மெத்தைக்கு அடியில் செருகி, தலையணையைத் தட்டி நிமிர்த்தி, துண்டை முறுக்கிக் கால்மாட்டில் ஓர் அன்னப்பறவை செய்து உட்கார வைத்தாள். பிறகு ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாள். அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு மலை இருக்கிறது என்பது அதுவரை வீட்டுக்காரருக்கே தெரியாது.

ஒழுகுகிற குழாயைப் பார்க்க வந்த வீட்டுக்காரர் வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினார்.

“இது நம்ம வீடா?”

“உங்க வீடுதாங்க.”

“நல்லா இருக்கே.”

அவ்வளவுதான். மாதம் முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. நன்றியோடுதான் சொன்னார். அடுத்த மாதம் அங்கேயும் ஒரு பலகை ஏறியது.

இரண்டாவது வீடு சில வளைவுகள் கீழே. அங்கே வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள், போனை எடுத்தாள், படுக்கையை ஒரு படம், ஜன்னலை ஒரு படம் எடுத்துக்கொண்டாள். காலி செய்கிற நாளில், “அந்தப் பறவையை எப்படிச் செய்யறதுன்னு மட்டும் எனக்குக் காட்டிட்டுப் போயிடும்மா” என்றாள். மடிப்பும் காட்டிவிட்டு வந்தாள்.

“வீட்டையும் குடுத்து வித்தையையும் குடுத்துட்டு வந்திருக்கா,” என்றாள் மாமியார், மூட்டையின் மேல் உட்கார்ந்தபடி. “டேய், நமக்கு வீட்டுக்காரங்க எதிரி இல்லடா. உன் பொண்டாட்டி கைதான் எதிரி.”

“அழுக்கா வச்சிருந்தா மட்டும் மெச்சிக்குவீங்களாக்கும்,” என்றாள் மடிப்பு.

“மெச்ச மாட்டேன். ஆனா திட்டறதுக்கு ஒரு வீடாவது இருக்கும்.”

இனிமேல் இறங்குவதற்கு அதிக இடமில்லை. வேலையாட்களை ஏற்றிப் போகிற ஓட்டல் வேன் மலைப்பாதையில் இருக்கும் செக்போஸ்ட் வரைக்கும்தான் வரும், அங்கே திரும்பிக்கொள்ளும். அதற்குக் கீழே குடி போனால் விடியற்காலை வேலைக்கு அவள் போய்ச் சேர முடியாது. பஸ் இருக்கிறது, தனக்குத் தோன்றும்போது வரும். அவள் வேலை போனால் மிஞ்சுவது ரோப் கார் சம்பளம். காற்றடிக்கிற நாளில் ரோப் கார் ஓடாது, சம்பளமும் கிடையாது. மலையில் காற்றடிக்காத நாளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஆகவே செக்போஸ்டுக்கு மேலே, கையைக் கடிக்காத வாடகைக்கு ஒரு வீடு. அவர்கள் கேட்டது அவ்வளவுதான்.

வேன் டிரைவர்தான் தகவல் சொன்னார். “செக்போஸ்டுக்கு முன்னாடி கடைசி வீடு காலியா இருக்கு. ஆனா கோழி.”

“கோழி இருந்தா என்னண்ணே?”

“வீடு மாடியில, கோழி கீழே. நாத்தம் மட்டும் வாடகை இல்லாம மேல வந்து போகும்.”

மூன்று பேரும் போய் அந்த மாடி அறையில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். மூன்று பேர் கண்ணிலும் தண்ணீர் வந்தது.

“இதுதான் நம்ம வீடு,” என்றாள் மாமியார். “எவனும் காசு குடுத்து இங்க தங்க மாட்டான்.”

அந்த வீட்டுக்குச் சொந்தக்காரி கோழிக்காரம்மா. தனியாக இருந்தாள். ஊரில் பாதிப் பேர் சாப்பிடுகிற முட்டை அவளுடையது. முழங்கால் சரியில்லாததால் மாடிப்படி ஏறுவதில்லை. தீவன மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பெஞ்சு போட்டு அதில்தான் தூக்கம். மாடியில் ஓர் அகலமான இரும்புக் கட்டிலும் மெத்தையும் கிடந்தன. மகளும் மருமகனும் வந்தால் படுக்கட்டும் என்று வாங்கிப் போட்டது. அவர்கள் வருவார்கள், நாற்றம் என்று சொல்லிவிட்டுச் சாயங்காலமே திரும்பிப் போய்விடுவார்கள்.

“நான் மேல வர மாட்டேன்,” என்றாள் கோழிக்காரம்மா. “மாப்பிள்ளை வந்து பார்ப்பார். அவர் மேல ஊர்ல தங்கற அறையெல்லாம் நடத்தறார். வீட்டு விஷயத்துல அவர் சொல்றதுதான்.”

தங்கற அறை என்ற சொல்லைக் கேட்டதும் மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாசத்தினால் இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் சட்டம் போட்டாகிவிட்டது. பறவை கூடாது. ஜன்னலைத் துடைக்கக் கூடாது. படுக்கையை விரிக்கவே கூடாது. மடிப்பு பல்லைக் கடித்துக்கொண்டாள். பகலெல்லாம் ஊரார் படுக்கையை விரித்துவிட்டு வந்து, தன் வீட்டுப் படுக்கையைப் பார்க்காமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்காருவாள்.

மாப்பிள்ளை வருகிற தகவல் வந்தது. ஈரத்துணிகளை ஜன்னலுக்குக் குறுக்கே தொங்கவிட்டு மலையை மறைத்தார்கள். மாமியார் வலி தைலத்தைக் கைக்கு எட்டிய இடமெல்லாம் பூசிக்கொண்டாள். படுக்கையைக் கசக்குகிற பொறுப்பு மடிப்புக்கு வந்தது. கசக்கினாள். தள்ளி நின்று பார்த்தாள். இந்தப் பக்கம் ஒரு சுருக்கம் குறைவதாகத் தோன்றியது, அதையும் சேர்த்தாள்.

புருஷன் வெகுநேரம் பார்த்தான். “இந்தக் கசங்கலே ஓட்டல் கசங்கலா இருக்கு,” என்றான். அந்த வாரம் வீட்டில் அவன் பேசியது அது ஒன்றுதான்.

மாமியார் ஏறிப் படுத்துப் புரண்டு சரி செய்தாள்.

மாப்பிள்ளை வந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார், கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. துணிகளைப் பார்த்தார், படுக்கையைப் பார்த்தார், இருமிக்கொண்டிருந்த மாமியாரைப் பார்த்தார். கீழே இறங்கிப் போனார். கீழே பேசியது மாடிக்குக் கேட்டது.

“அத்தை, யாரைக் குடி வச்சிருக்கீங்க? வீட்டைக் குட்டிச்சுவரா ஆக்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணச் சொல்லுங்க.”

“பாவம், மாப்பிள்ளை.”

“பாவம் பார்த்தா வீடு போயிடும்.”

மாடியில் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுத்தமாக வைத்திருந்ததால் இரண்டு வீடு போனது. அழுக்காக வைத்திருந்ததால் ஒரு வீடு போகிறது. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் அளவு இருக்க வேண்டும், அதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

“நான்தான் ஜாஸ்தியா இருமிட்டேன்,” என்றாள் மாமியார். தன் மேல் தப்பு என்று அவள் சொல்லி அன்றுதான் மற்ற இருவரும் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூட்டை கட்டினார்கள். கீழே சமவெளியில் மாமியாரின் தங்கை வீட்டில் போய் ஒண்டிக்கொள்வதாக ஏற்பாடு. மறுநாள் காலையில் மடிப்பு ஓட்டலுக்குப் போன் செய்து வேலையை விட்டுவிடுவதாகச் சொல்ல வேண்டும். ‘நாளைக்கு வர மாட்டேங்க’ என்ற அந்த வாக்கியத்தை அவள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ‘ங்க’ வரைக்கும் போக முடியவில்லை.

மூட்டை எல்லாம் வெளியே போன பிறகு அவள் அறையைத் திரும்பிப் பார்த்தாள். கை சும்மா இருக்கவில்லை. காலி செய்த அறையை அப்படியே விட்டுவிட்டு அவள் ஒரு நாளும் கதவைச் சாத்தியதில்லை.

“ஏம்மா, இனிமே எதுக்கு?” என்றாள் மாமியார், வாசலில் நின்று.

“இனிமே போறதுக்கு என்ன இருக்கு அத்தை? விடுங்க.”

மாமியார் விட்டுவிட்டாள். மடிப்பு தரையைத் தேய்த்துக் கழுவினாள். துணிகளை அவிழ்த்து மலையை வெளியே விட்டாள், கண்ணாடியைத் துடைத்தாள். கட்டிலுக்குத் தன்னிடமிருந்த வெள்ளை விரிப்பைப் போட்டாள். மூலை மடித்தாள். கடைசியாகத் துண்டை முறுக்கினாள்.

சாவியை வாங்க மாப்பிள்ளை வர நேரமாகும் என்று, கோழிக்காரம்மா தானே மாடிப்படி ஏறி வந்தாள். ஒவ்வொரு படிக்கும் நின்று முழங்காலைத் திட்டிவிட்டு ஏறினாள். வாசலில் வந்து மூச்சு வாங்கினாள். அப்புறம் அறையைப் பார்த்தாள், மூச்சு வாங்குவதையும் நிறுத்திவிட்டாள்.

“இது என்ன, வாத்தா?” என்று கால்மாட்டைக் காட்டிக் கேட்டாள்.

“அன்னங்க.”

“கழுத்து இவ்வளவு நீளமா இருந்தா, தீனி எறங்கறதுக்குள்ள பசி செத்துடும்.” பறவையை இரண்டு கையாலும் தூக்கி, கோழியைப் பார்ப்பதைப் போலவே அடிவயிற்றைப் பார்த்து, பத்திரமாக நாற்காலியில் வைத்தாள். “முழங்கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. கொஞ்சம் உட்கார்ந்துக்கட்டுமா?”

“உங்க வீடுங்க.”

உட்கார்ந்தாள். விரிப்பைத் தடவினாள். மெதுவாகச் சாய்ந்தாள். யாரோ சத்தம் போட்டு எழுப்பப் போகிறார்கள் என்பதைப் போல ஒரு கணம் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். யாரும் எழுப்பவில்லை. தூங்கிப் போனாள்.

மூவரும் மூட்டைகளோடு படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். சாவியை யாரிடம் கொடுப்பது? விருந்தாளி எழுந்திருக்காமல் அறையைத் தொட மடிப்புக்கு மனம் வராது. பொழுது சாய்ந்தது, கோழிகள் தீனி கேட்டுக் கத்த ஆரம்பித்தன. மடிப்பு இறங்கிப் போய்த் தீனி வைத்தாள், தண்ணீர் வைத்தாள். புருஷன் கோழிகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டுக் கூண்டுக் கதவைச் சாத்தினான். “இறக்கையை உள்ள வைங்க,” என்றான் பழக்கத்தில்.

அப்போதுதான் மாப்பிள்ளை வந்தார். “அத்தை எங்கே?”

“தூங்கறாங்க,” என்றாள் மாமியார். “சத்தம் போடாம போங்க.”

அவர் மாடிக்குப் போனார். கதவருகே நின்றார். கைக்குட்டை கீழே இறங்கியது. அந்த முகத்தை மடிப்பு ஏற்கெனவே இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறாள்.

“அத்தை,” என்று உலுக்கினார். “எழுந்திருங்க. இந்த ஜன்னலைப் பாருங்க. இவ்வளவு நாளா இப்படி ஒரு அறையை வீணா வச்சிருந்திருக்கோம். பலகை நான் மாட்டறேன். கோழியை எல்லாம் வித்துடலாம்.”

கோழிக்காரம்மா எழுந்து உட்கார்ந்தாள். வெளியே இருட்டுவதைப் பார்த்தாள். “கோழிக்குத் தீனி...”

“வச்சாச்சுங்க,” என்றாள் மடிப்பு. “அடைச்சும் ஆச்சு.”

கோழிக்காரம்மா தலையாட்டினாள். பிறகு மருமகன் பக்கம் திரும்பினாள். “கோழியை வித்துட்டு நான் என்ன பண்றது, மாப்பிள்ளை?”

“நீங்க நிம்மதியா இருக்கலாம். கீழே அந்தத் தீவன அறையிலேயே படுத்துக்கலாம்.”

“இப்பவும் அங்கதானே படுக்கறேன்.”

மாப்பிள்ளை கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“சேவலை மட்டும் வச்சுக்கலாமா?”

“வர்றவங்க காலையில தூங்குவாங்க அத்தை. சேவல் கூவினா ஆகாது.”

“அதுகிட்ட யார் சொல்றது?”

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நீங்களும் எவ்வளவோ அறை வச்சிருக்கீங்க, மாப்பிள்ளை,” என்றாள் கோழிக்காரம்மா. குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, முட்டையை எண்ணுகிற குரல். “ஒரு நாள் வந்து படுங்க அத்தைன்னு சொன்னதில்லை. உங்களைக் குறை சொல்லலை. எனக்கும் தோணினதில்லை. இன்னிக்குத்தான் படுத்துப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு. இவங்க இருக்கட்டும்.”

“அத்தை, நான் சொல்றது என்னன்னா...”

“கீழே போய் ஒரு தட்டு முட்டை எடுத்துக்கிட்டுப் போங்க. உடைஞ்சா உங்க சட்டை கறையாகும், பார்த்து.”

அவர் போனார். முட்டையையும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

“நான் சொல்லிடறேன்,” என்றாள் கோழிக்காரம்மா, மூவரையும் பார்த்து. “வாரத்துல ஒரு நாள் நான் இங்க வந்து படுப்பேன். இந்தப் பொண்ணு இதே மாதிரி விரிக்கணும். வாத்து வேணாம், கோழியா செய். வாடகை நீங்க குடுக்கறதையே குடுங்க.”

“அன்னைக்கு நான் எங்க படுக்கறது?” என்றாள் மாமியார்.

“கட்டில் அகலம்தானே.”

“குறட்டை விடுவீங்களா?”

“தெரியாது. கூடப் படுத்துச் சொல்றதுக்கு யாரும் இல்லை.”

மாமியார் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாள். “விடறீங்க,” என்றாள். “இப்பக் கேட்டேன். பரவாயில்லை, எனக்குப் பழக்கம்தான்.”

புருஷன் மூட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து வைத்து, கடைசியில் கதவைச் சாத்தினான். மாமியார் கட்டிலருகே போய் நின்றாள். கோழிக்காரம்மா எழுந்த இடத்தில் விரிப்பு ஒரு பக்கமாகச் சரிந்து, தலையணை குழிந்து, ஓர் ஓரத்தில் கோழி இறகு ஒன்று ஒட்டியிருந்தது.

“இந்தா, வந்து பாரு,” என்று மருமகளைக் கூப்பிட்டாள். “இதுதான் கசங்கல். நல்லாப் பார்த்து வச்சுக்க.”

மடிப்பு பார்த்தாள். அன்றைக்கு மட்டும் அதை அப்படியே விட்டுவிட்டாள். மறுநாள் விடியும் முன்னே வேன் வந்து செக்போஸ்டில் திரும்பியது, அவளை ஏற்றிக்கொண்டு மேலே போனது.

கதை அவ்வளவுதான் கண்ணுகளா. நீங்க இருக்கிற வீடு சொந்தமோ வாடகையோ, அதிலே உங்கள் படுக்கை நாளும் கசங்கட்டும். உங்கள் ஜன்னலுக்கு வெளியே மலையே இருந்தாலும் அது வீட்டுக்காரர் கண்ணில் படாமல் போகட்டும். களைத்து வருகிறவர்களுக்கு உங்கள் வீட்டில் ஒரு தலையணை எப்போதும் மிச்சமிருக்கட்டும். நன்றாக இருங்கள், போய்த் தூங்குங்கள்.