கதவைத் தட்டியவன் பெயர்

காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்த கிளாடிஸ் இன்னும் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடிக்க எடுத்த பாட்டில் மூடி திறந்தபடியே மேசையில் இருந்தது. யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். மரக்கதவை இல்லை. அந்தத் தட்டலுக்குச் சத்தமும் கிடையாது. திரையில் வரி வரியாக ஏறிக்கொண்டே போகும், அவ்வளவுதான். ஆனால் பார்க்கிறவளுக்கு நெஞ்சுக்குள் சத்தம் கேட்கும்.

முத்தையாபுரத்தில் ஓர் உப்புக் குடோனுக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். பெரிய கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்கள் இரண்டே பேர். ஒரு ஏசி உண்டு, அதுவும் ஆட்களுக்கு இல்லை, உள்ளறையில் இருக்கிற சர்வருக்கு. இந்தக் கரையோரத்துச் சிறு மீன்பிடி வள்ளங்களில் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார்கள். அதற்குள் ஒரு சிம் கார்டு, மேலே நீளமான ஏரியல்; கைபோனுக்கு எட்டாத தூரத்திலும் அதற்கு எட்டும். 'நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்' என்று அது அவ்வப்போது சர்வருக்குச் சொல்லும். சொன்னால் திரையில் ஒரு பச்சைப் புள்ளி. கடல் மோசமாகப் போகிறது என்றால் இங்கிருந்து செய்தி அனுப்பலாம். அங்கே பெட்டி வீலென்று கத்தும், சிவப்பு விளக்கு எரியும். வயர்லெஸ் வாங்க வசதியில்லாத வள்ளங்களுக்குக் கரையின் குரல் அதுதான்.

இன்டர்நெட்டில் இருக்கிற எந்த சர்வரையும் உலகத்துத் திருடர்கள் சும்மா விடமாட்டார்கள். வருகிறவன் ஒவ்வொருவனுக்கும் எண்ணால் ஆன ஒரு முகவரி உண்டு, ஐபி என்பார்கள். எந்த ஐபியிலிருந்து வந்தான், என்ன பெயர் சொல்லித் தட்டினான், என்ன பாஸ்வேர்டு போட்டுப் பார்த்தான், எல்லாவற்றையும் சர்வர் குறித்துக்கொள்ளும். அதைப் படித்துப் பார்த்து, அந்த ஐபியை உள்ளே வரவிடாமல் பிளாக் செய்வது கிளாடிஸின் வேலை. அதோடு விடமாட்டாள். அந்த ஐபி எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்ததோ அவர்களுக்கும், இப்படிப்பட்ட ஐபிகளை ஊரறியச் சொல்லும் பொதுத் தளத்துக்கும் ரிப்போர்ட் எழுதிப் போடுவாள். திருடனைக் கண்டவள் பக்கத்து வீட்டையும் எழுப்பிவிடுகிற மாதிரி. அவள் ரிப்போர்ட்டைப் பார்த்து முன்பின் தெரியாத ஊர்களில் இருக்கும் சர்வர்களும் அவனுக்குக் கதவைச் சாத்தும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆனால் இன்றைக்கு வந்தது தனி ரகம். ஒரு ஐபியை அடைத்தால் வேறு நாலு ஐபி முளைத்தது. அட்மின் என்று தட்டினான், ரூட் என்று தட்டினான், டெஸ்ட் என்று தட்டினான். கூட்டமாக வந்து சுவரை இடிக்கிற மாதிரி இருந்தது.

"காக்கா, நிக்க மாட்டேங்குதான்வ. நான் ஒருத்திதான், எத்தனையத்தான் பார்ப்பேன்?"

இஸ்மாயில் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். காயல்பட்டினத்துக்காரர், அந்த ஊர் வழக்கப்படி அண்ணன் என்பதற்குக் காக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். பல வருஷம் வளைகுடாவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, வயிற்றுப் புண்ணோடு ஊர் திரும்பியவர்.

"உள்ள வந்துட்டா என்ன காக்கா செய்வான்?"

"நம்ம பெட்டிங்ககிட்ட நம்ம குரல்ல பேசுவான். கடல் நல்லாருக்கு, தாராளமாப் போங்கன்னு சொல்லுவான். அங்கன நான் இருந்தப்போ ஒரு குடோனோட கம்ப்யூட்டருக்குள்ள பூந்துட்டான்வ, தங்கச்சி. மொதலாளி தலையில கைய வச்சிட்டு உக்காந்துட்டாரு. அது வெறும் சரக்கு. இது ஆளு."

இது ஆளு.  கிளாடிஸின் வீட்டுக்காரர் ரோச் விடியும்முன்பே திரேஸ்புரத்திலிருந்து வள்ளத்தை இறக்கிப் போயிருந்தார். அந்த நினைப்பு வந்ததும் அவள் எப்போதும் செய்யாத ஒன்றைச் செய்தாள். திரும்பத் திரும்பத் தவறாகத் தட்டுகிற எந்த ஐபியையும் சர்வரே அடைத்து, தானே ரிப்போர்ட்டும் போட்டுவிடட்டும் என்று அமைத்துவிட்டாள். எதையும் படித்துப் பார்க்காமல் அவள் அடைத்ததே கிடையாது. பயம் வந்தால் யார் படித்துக்கொண்டிருப்பார்கள்?

தட்டல் நின்றது. திரை ஓய்ந்தது. அப்பாடா என்று பாட்டிலை எடுத்தாள். வாயில் வைக்கவில்லை, வானிலை எச்சரிக்கை வந்துவிட்டது. தென்மேற்கிலிருந்து சூறைக்காற்று. கடலில் இருக்கிறவர்கள் உடனே கரை திரும்ப வேண்டும்.

எல்லாப் பெட்டிகளுக்கும் செய்தியை அனுப்பினாள். பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக மூக்கைத் திருப்பிக் கரையைப் பார்த்து வரத் தொடங்கின. அவள் கண் அந்தப் புள்ளிகளுக்குள் ஒன்றைத் தேடியது.

இல்லை.

மறுபடி தேடினாள். செபாஸ்டின் வள்ளம் சாம்பல் நிறமாகக் கிடந்தது. சற்று முன்புவரை பேசிக்கொண்டிருந்த வள்ளம் அது. வெள்ளத்துரையுடையதும் சாம்பல். இன்னும் சில. ரோச்சின் வள்ளமோ சாம்பலாகக்கூட இல்லை. காலையிலிருந்தே அது திரையில் வரவில்லை. திருடனைப் பார்த்துக்கொண்டிருந்தவள், புருஷனைப் பார்க்கவில்லை.

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றாள் போனுக்குள் இருக்கிறவள். மறுபடி போட்டாள். ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியலை மூடியிருந்த தார்ப்பாய் ஒரு முறை எழும்பிப் படாரென்று அடித்தது. காற்று வந்துகொண்டிருந்தது.

"காக்கா, பாதி வள்ளத்தக் காணும். அவுகளக் காணும்."

"பதறாத. பொறு, பொறு." இஸ்மாயில் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். சர்வர் தானாக அடைத்த ஐபிகளை ஓட்டிப் பார்த்தார். வெளிநாடு, வெளிநாடு, வெளிநாடு. ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. "யா அல்லாஹ். இது நம்ம செல்போன் கம்பெனிக்காரன் ஐபில்லா."

"அப்படின்னா?"

"செல்போன் கம்பெனிக்காரன் ஆளுக்கொரு ஐபி தர மாட்டான். ஒரு காம்பவுண்டுக்குள்ள பத்து வீடு, வாசல் ஒண்ணு. அந்த மாதிரி பல வள்ளம் இந்த ஒரே வாசல் வழியாத்தான் நம்மகிட்ட வருது. உள்ள எவனோ ஒருத்தன் தப்பாத் தட்டியிருக்கான். நம்ம வாசலையே பூட்டிட்டோம்."

"தொறங்க காக்கா!"

"தொறக்கலாம். தட்டினவன் யாருன்னு தெரியாமத் தொறந்தா? அவன் காலையில இருந்து விடாமத் தட்டியிருக்கான், பாரு. நம்ம ஊர் ஐபிக்குள்ள வந்து ஒளிஞ்சிருக்கான்னா அவன் சாதாரணத் திருடன் இல்ல."

கிளாடிஸ் மவுஸை அந்த ஐபியின் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். திறந்தால், அந்த ஆள் உள்ளே வந்து வள்ளங்களை நடுக்கடலுக்கே திருப்பி அனுப்பலாம். திறக்காவிட்டால், செபாஸ்டினுக்கும் வெள்ளத்துரைக்கும் காற்று வருகிற சேதி போகாது. ரோச்சுக்கு என்ன ஆயிற்றென்றே தெரியாது. மாதாவே, மாதாவே என்று வாய் முணுமுணுத்தது. மாதா வந்தா பட்டனை அழுத்துவாள்? கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன பேரு சொல்லித் தட்டினான்னு பார்த்துருவோம்," என்றாள்.

காலையிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. அந்த ஐபியின் வரிகளைத் திறந்தாள். அட்மின் இல்லை. ரூட் இல்லை. டெஸ்ட் இல்லை. ஆங்கில எழுத்தில் ஒரே சொல், மேலிருந்து கீழ்வரைக்கும் அதே சொல். இஸ்மாயில் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கொட்…டா…வி. கொட்டாவியா? என்னளா இது, திருட்டுப் பயலுக்குத் தூக்கம் வந்துட்டா?"

கிளாடிஸ் திரையில் இருந்த அந்தச் சொல்லை விரலால் தொட்டாள். 

கல்யாணமான புதிதில் ரோச் அவளைக் கரைக்குக் கூட்டிப்போய்த் தன் வள்ளத்தைக் காட்டினார். புனித சந்தியாகப்பர் என்று நீலப் பெயின்டில் எழுதி, பக்கத்திலேயே ஒரு சிலுவையும் வரைந்திருந்தார். அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்பக்கத்தில், வலை வைக்கிற பொந்துக்கு மூடி இல்லை. ஆவென்று திறந்து கிடந்தது. "என்ன உங்க வள்ளம் நின்னுக்கிட்டே கொட்டாவி விடுது?" என்று அவள் கேட்டதுதான் தாமதம், பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றையிலிருந்து அது கொட்டாவி. கரையில் கொட்டாவி வந்துட்டா, கொட்டாவிக்கு மீன் கிடைச்சிதா என்றுதான் பேச்சு. ரோச்சுக்கு மட்டும் அந்தப் பெயரைக் கேட்டால் மூக்கு சிவக்கும். அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை.

உலகத்தில் எந்தத் திருடனுக்கும் அந்தப் பெயர் தெரியாது.

"காக்கா, இது எங்க வள்ளம்."

"உங்க வள்ளம் சந்தியாகப்பர்லா? சர்வர்ல அப்படித்தான இருக்கு."

"அவுக பெட்டியில உப்புத் தண்ணி ஏறிட்டுன்னு நேத்து புதுசு குடுத்தீகளே, என்ன சொல்லிக் குடுத்தீக?"

இஸ்மாயில் நெற்றியில் அடித்துக்கொண்டார். "வள்ளத்துப் பேர நீங்களே போட்டு மாட்டிக்கிடுங்கன்னு சொன்னேன்."

"போட்டுட்டாக."

வாசலைத் திறந்தார்கள். சர்வரில் சந்தியாகப்பர் இருந்த இடத்தில் கிளாடிஸ் கொட்டாவி என்று அடித்தாள். அடிக்கும்போது இரண்டு தடவை எழுத்துப் பிசகியது. முதலில் செபாஸ்டின் பச்சையானார். பிறகு வெள்ளத்துரை. மற்றவர்களும். செய்தி போனது, புள்ளிகள் திரும்பின. அவள் எதிர்பார்த்த புள்ளி வரவில்லை. ஜன்னல் கதவு அறைந்தது. குடோன் தகரம் கடகடவென்று ஆடியது. இஸ்மாயில் கண்ணை மூடிக்கொண்டு துஆ ஓதினார். பெட்டி தட்டித் தட்டிச் சலித்து நின்றுவிட்டதா? வள்ளமே இல்லையா? அந்த நினைப்பை அவள் முழுதாக நினைக்கவில்லை, பாதியிலேயே பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டாள்.

அப்போது, திரையில், கரைக்கு எதிரே இருக்கிற வான் தீவுக்கும் அப்பால், யாரும் இல்லாத நீலத்தில், ஒரு பச்சை.

அவ்வளவு தூரம் ஏன் போனார்? எச்சரிக்கையை அனுப்பினாள். பெட்டியில் 'கிடைத்தது' என்று ஒரு பட்டன் உண்டு. சேதி கண்டவர் அதை அழுத்தினால் புள்ளியைச் சுற்றி வளையம் விழும். வளையம் விழவில்லை. புள்ளி அசையவில்லை. கிளாடிஸ் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய், "ஏங்க… ஏங்க…" என்று கூப்பிட்டாள், பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி.

வளையம் விழுந்தது. புள்ளி கரையைப் பார்த்துத் திரும்பியது.

திரேஸ்புரம் கரைக்கு அவள் ஓடிப் போனபோது மழை அடித்து ஊற்றியது. மற்ற வள்ளங்கள் எல்லாம் வந்து சேர்ந்தபிறகு கடைசியாகக் கொட்டாவி வந்தது, வாயைத் திறந்துகொண்டு, பாதி வயிறு தண்ணீரோடு. ரோச் இறங்கினார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தவள் விடவில்லை.

"ஏளா, விடு, ஆளுங்க பாக்குதாங்க."

"பாக்கட்டும். எதுக்கு அந்தப் பேரப் போட்டீக?"

"வேற எந்தப் பேரப் போட? இங்கன சந்தியாகப்பர்னு சொன்னா எவனுக்குத் தெரியும்?" கொஞ்சம் நிறுத்தினார். "பேரு வச்சவ நீதான அங்கன உக்காந்திருக்க. உனக்குத் தெரியும்னு நெனச்சேன். பெட்டி பாட்டுக்கு மின்னிக்கிட்டே இருந்திச்சு, யாரும் தொறக்கல."

 பிடித்த சட்டையை அவள் இன்னும் விடவில்லை.

மறுநாள் அவள் செய்த முதல் வேலை, அந்த ஐபியின் மேல் தன் பெயரில் போயிருந்த ரிப்போர்ட்டைத் திரும்பப் பெற்றதுதான். அது கிடக்கிற வரைக்கும் எந்தெந்த ஊரிலோ அந்த வாசலைத் திருட்டு வாசல் என்று அடைத்துக்கொண்டிருப்பார்கள். காரணம் எழுதுக என்று ஒரு கட்டம் இருந்தது.  அதில், இது தாக்குதல் இல்லை, தட்டியவர் வீட்டு ஆள், என்று எழுதினாள்.