திறந்த குதிகால்

அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நீலச் சட்டை, அக்கா எடுத்துக்கொடுத்தது. காலரை முடித்துவிட்டுக் கைப்பகுதியைத் திருப்பிப் போட்டபோது துணியின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. அதன் மீதே பெட்டியை வைத்துத் தேய்த்தார். புஸ்ஸென்று கொஞ்சம் ஆவி கிளம்பியது.

அவர் மனைவி துடைப்பத்தோடு அறைவாசலில் நின்று அதைப் பார்த்தாள். அவளுடைய அம்மா இறந்த அன்று இதே மனிதர் வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டார், வண்டிக்கு ஏற்பாடு செய்தார், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபடியே ஒரு தூக்கமும் போட்டார். அப்போது அவளுக்கு அது குறையாகத் தெரியவில்லை. இன்று தெரிந்தது.

"மத்தியானத்துக்குள்ள பாடி வந்துடும்னு போன் பண்ணாங்க," என்றாள்.

இஸ்திரிப் பெட்டி நின்றது. "அக்கான்னு சொல்லேன்."

"என் அக்காவை எப்படிச் சொல்லணும்னு எனக்கு நீங்க சொல்லித் தர வேண்டாம்."

அவர் ஸ்விட்சை அணைத்தார்.

அக்கா நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். ஈரல் கெட்டுப் பல மாதம் படுக்கையில் கிடந்த பிறகு, எல்லாரும் எதிர்பார்த்திருந்த சாவுதான். கல்யாணம் செய்துகொள்ளாதவள். அவள் குடியிருந்தது மூன்றாம் மாடியில் ஒரு சின்ன வீடு. அங்கே நாலு பேர் நிற்க இடமில்லை என்பதால் உடலை இங்கே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் அவர் பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். காப்புரிமை அலுவலகத்தின் விசாரணை இன்றைக்குத்தான்.

"இன்னிக்குமா?" என்று காலையிலேயே கேட்டிருந்தாள்.

"அவங்க படுத்திருந்தப்பவே ரெண்டு தடவை தள்ளிப்போட்டாச்சு. இனிமே தள்ள முடியாதாம். போகலேன்னா விண்ணப்பமே போச்சு. டாக்டர் பட்ட பாடெல்லாம் வீணாயிடும்."

டாக்டர். அக்கா டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரியில் கை கால் அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். அவரும் இன்ஜினியர் இல்லை, எலாஸ்டிக் நாடா நெய்யும் மில்லில் மேற்பார்வையாளர். ஆனாலும் அவர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். "என்ன டாக்டரே!" "சொல்லுங்க இன்ஜினியரே!" முதலில் கேலியாக ஆரம்பித்தது, அப்புறம் அதுவே பெயராகிவிட்டது. அவளுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

தொடக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில். "எங்க வீட்டுக்காரர் இல்லேன்னா ஊர்ல பாதிப் பேருக்கு ஜட்டி இடுப்புல நிக்காது" என்று அவள் எப்போதும் சொல்லும் ஜோக்கைச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் அவர் சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்த்த எலாஸ்டிக் துண்டு ஒன்றை உருவி இழுத்துப் பார்த்தாள். "இது கொஞ்ச தூரம் லேசா வருது, அப்புறம் இறுகுதே. ஏன்?"

அவர் தலை நிமிர்ந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தத் தலை அப்படி நிமிர்ந்து அவள் பார்த்ததில்லை. சோறு ஆறிப்போகும்வரை நெசவைப் பற்றிப் பேசினார். அக்கா சுளுக்கிய கணுக்கால்களைப் பற்றிப் பேசினாள். ஒரு தடவை பிசகின கால் மறுபடி மறுபடி பிசகும். கெட்டியாகக் கட்டினால் நடக்க முடியாது, தளர்த்தினால் பயனில்லை. நடக்கும்போது தளர்ந்தும் சாயும்போது இறுகியும் கொடுக்கிற பட்டை ஒன்று இருந்தால்?

அதன்பிறகு அக்கா வேலை முடிந்து நேரே இங்கே வர ஆரம்பித்தாள். பின்னறையில் தையல் மெஷின், மரத்தில் செய்த ஒரு பாதம், எலாஸ்டிக் சுருள்கள். அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அவள் குழாயை மூடிவிட்டுக் கேட்பாள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள்; அத்தனை ஹாரன் சத்தத்துக்கு நடுவில் ஓட்டுநர் முணுமுணுக்கும் தடம் எண்ணைப் பிடிக்கிற காது. சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்த ஒரு சொல்லும் அவளுக்குத் தப்பவில்லை. ஒரு தப்பான வார்த்தைக்காகக் காத்திருந்தாள். கிடைத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், அழுதிருக்கலாம், அக்காவை வராதே என்று சொல்லியிருக்கலாம். கிடைத்ததெல்லாம் பட்டையும் நாடாவும் எலும்பும்தான். நடுநடுவே அவருடைய சிரிப்பு. அவளிடம் பேசும்போது வராத ஒரு சிரிப்பு.

விண்ணப்பத்தைக் கவனிக்கும் வக்கீலம்மா காலையில் போனில் சொன்னது இன்னும் மோசம். "அவங்களுக்கு வேற வாரிசு யாரும் இல்லையே மேடம். அவங்க இடத்துல இனிமே நீங்கதான். விசாரணையில நீங்களும் பக்கத்துல உக்காரணும்."

அவள் துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு பின்னறைக்குப் போனாள். அக்கா உட்காரும் நாற்காலியில் முதுகுக்கு ஒரு மெத்தை கட்டியிருந்தது. அதை அவர்தான் தைத்திருப்பார். அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவர் பார்த்தார். கூடத்தில் உறவுக்காரர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். "சாவு வீட்டுல என்ன மீட்டிங்?" என்று ஒரு பெண்குரல் கேட்டது. யாரோ உஸ்ஸென்றார்கள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

திரையில் காப்புரிமைப் பரிசோதகர் வந்தார். நடுவயது, மூக்கின் நுனியில் கண்ணாடி. இன்னொரு சதுரத்தில் வக்கீலம்மா. பரிசோதகர் முதலில் இரங்கல் சொன்னார். சொன்னது ஒப்புக்கு இல்லை என்று குரலிலேயே தெரிந்தது. பிறகு காகிதங்களைப் புரட்டினார்.

"உங்களுக்கு முன்னாடியே வேற ஆளுங்க வாங்கின ரெண்டு காப்புரிமை இருக்கு. ஒண்ணுல பாதத்துக்கு அடியில போய் வெளிப்பக்கமா மேல ஏறுற பட்டை இருக்கு. இன்னொண்ணுல உங்களோடது மாதிரியே ரெண்டு கட்டமா இழுபடுற எலாஸ்டிக் இருக்கு. ரெண்டையும் சேர்த்துத் தைச்சா உங்க பட்டை வந்துடுதே. இந்தத் தொழில் தெரிஞ்ச எவருக்கும் தோணக்கூடியதுதானே?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நெசவைப் பற்றிச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். ரப்பர் இழை எத்தனை நூலுக்கு ஒன்று, நூல் எங்கே வந்து பிடிக்கிறது, எதனால் இறுகுகிறது. பரிசோதகர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி. அதெல்லாம் அளவுல இருக்கிற வித்தியாசம். அமைப்புல எனக்குத் தெரியுற வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு. அந்த ரெண்டுலயும் குதிகால் மூடியிருக்கு. உங்களோடது திறந்திருக்கு. எதுக்காக?"

"அதை டாக்டர் சொல்லுவாங்க," என்று அவர் பக்கத்து நாற்காலியைப் பார்த்துத் திரும்பினார்.

அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் கண்கள் அவள் முகத்தில் வந்து நின்று, இன்னும் யாரையோ தேடுவதுபோல ஒரு கணம் அலைந்தன. பிறகு முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அவர் இப்படி உடைந்து அழுது அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தன் அக்காவுக்காக அழுகிறவரிடம், எனக்காக எப்போது அழுதீர்கள் என்று கேட்க வாய் துடித்தது.

"கொஞ்சம் டைம் குடுங்க சார்," என்றார் வக்கீலம்மா.

"பரவாயில்ல, எடுத்துக்கட்டும்."

கூடத்தில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. பேசாமல் இருந்தால் போதும், அவள் நினைத்தாள். நான் வாயைத் திறக்காவிட்டால் எல்லாம் இன்றோடு முடிந்துவிடும். பட்டையும் இல்லை, டாக்டரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. மரப்பாதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்த அறையில் ஒரு கட்டில் போடலாம்.

பரிசோதகர் பேனாவை எடுத்தார். "சொல்ல முடியலேன்னா கஷ்டப்படுத்த வேண்டாம். காத்தோட்டத்துக்காகன்னு எழுதிக்கவா?"

காற்றோட்டமா! அவளுக்கு எங்கிருந்தோ சுருக்கென்று கோபம் வந்தது. அக்கா எத்தனை மாலைகள் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டாள், இந்த ஆள் காற்றோட்டம் என்று எழுதப்போகிறாரே!

"இல்ல சார். காத்தோட்டம் இல்ல."

அது அறிவிப்புக் குரலில் வந்துவிட்டது. தெளிவாக, உரக்க. பரிசோதகர் நிமிர்ந்தார். "நீங்க..?"

"தங்கச்சி. இறந்தவங்களோட தங்கச்சி. நான் சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"முதல்ல மூடித்தான் தைச்சாங்க சார். நீங்க சொன்ன மாதிரி அந்தப் பட்டையையும் இந்த எலாஸ்டிக்கையும் சேர்த்து. அக்கா அதைப் போட்டுக்கிட்டு இந்த ரூமுக்கும் வாசலுக்கும் நடந்து பாத்தா. மூணாவது தடவை வரும்போது கால் மடங்கிடுச்சு. அவளுக்குச் சுளுக்கே கிடையாது, நல்ல கால். விழப்போனா. இவர்…" ஒரு நொடி நின்றது குரல். "இவர்தான் புடிச்சார்."

அவர் கைகளை முகத்திலிருந்து எடுத்தார்.

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. சமையக்கட்டுல இருந்தேன். கேட்டேன்."

கேட்டது அதுமட்டும் இல்லை. தடாலென்ற சத்தம், அவருடைய "ஐயோ, பாத்து", அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லாமல், பிறகு இரண்டு பேரும் மூச்சு முட்டச் சிரித்தது. அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்று அன்றிலிருந்து அவள் எத்தனையோ தடவை மனத்துக்குள் அளந்து பார்த்திருக்கிறாள். அன்று அக்காவுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

"சிரிச்சு முடிச்சிட்டு அக்கா சொன்னா: 'இன்ஜினியரே, குதிகாலை மூடினா கால் சோம்பேறி ஆயிடுது. பட்டை பாத்துக்கும்னு சாய்ஞ்சுடுது. குதிகால் தோல் நேராச் செருப்பைத் தொடணும். அப்பதான் சாயப்போறேன்னு காலுக்கே தெரியும், அது பாதி வேலையைச் செஞ்சுக்கும். மீதியைத்தான் பட்டை செய்யணும்.' உடனே இவர் கத்திரியை எடுத்து வெட்டினார். ஓட்டை போட்டதும் எலாஸ்டிக் கிழிஞ்சுது. ஓரத்தை எப்படிப் பிடிக்கிறதுன்னு ரெண்டு மாசம் ஆச்சு. அதனால ரெண்டையும் சேர்த்தா இது வராது சார். சேர்த்தா ஆள் விழுவாங்க."

வக்கீலம்மா பாய்ந்து பிடித்துக்கொண்டார். "சார், குதிகால் தரையை உணரணும்னு விவரக்குறிப்புல ஒரு வரி இருக்கு. மூடின பட்டையை ஆஸ்பத்திரியில சோதிச்ச விவரமும் எங்ககிட்ட இருக்கு. முக்கியமில்லன்னு நினைச்சு அனுப்பல."

பரிசோதகர் வெகு நேரம் எழுதினார். "அந்தச் சோதனையோட சேர்த்து எழுத்துமூலமா குடுங்க. பாத்துட்டு என் முடிவைச் சொல்றேன்." கண்ணாடியைக் கழற்றினார். "போங்கம்மா. அவங்களைப் பாருங்க."

திரை இருண்டது. உடனே வக்கீலம்மா போனில் வந்தார். "குடுத்துடுவார்னு தோணுது. நீங்க இல்லேன்னா கஷ்டம் மேடம்."

அவர் மெஷின் மேல் கிடந்த நூல்துணுக்குகளை விரலால் ஒரு பக்கமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்தியா?"

"ஆமா."

"இத்தனை நாளும்?"

"குழாயை மூடிட்டுக் கேப்பேன்."

"உள்ள வந்திருக்கலாமே."

"யாரும் கூப்பிடல."

"டாக்டர் சொல்லுவாங்க. 'அவளையும் கூப்பிடுங்க, தனியா என்ன பண்றா அங்கே'ன்னு. ரெண்டு மூணு தடவை சொன்னாங்க."

அவள் அவரையே பார்த்தாள். "நீங்க?"

அவர் வாயைத் திறந்தார். தெருவில் வண்டியின் ஹாரன் ஒலித்தது, கூடத்தில் எல்லோரும் எழுந்திருக்கும் சத்தம். அவர் அப்படியே எழுந்து கதவைத் திறந்துகொண்டு போனார். நூல்துணுக்குகள் குவியலாக அங்கேயே கிடந்தன.

அக்காவைக் கூடத்தின் நடுவில் பெஞ்சுமேல் கிடத்தினார்கள். முகம் சிறுத்துப்போயிருந்தது, மூக்கு மட்டும் அம்மாவின் மூக்காகத் தூக்கி நின்றது. அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வந்தவர்கள் அவள் கையைப் பிடித்தார்கள், தோளைத் தொட்டார்கள். கூடப் பிறந்தவள், எல்லாருடைய துக்கமும் அவளைத் தேடித்தான் வந்தது. அவரைத் தேடி யாரும் போகவில்லை. செத்துப்போனவளுடைய தங்கை புருஷன். அவர் கையை யார் பிடிக்கப்போகிறார்கள்?

இந்த நேரத்தில் அவர் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துவிடுவாரோ, ஊர் பார்க்க அழுதுவிடுவாரோ என்று காலையிலிருந்து பயந்திருந்தாள். அவர் செருப்புகள் கழற்றிக் கிடக்கும் வாசலோரத்தில், மில்லிலிருந்து வந்த ஆட்களுக்குப் பின்னால் நின்றார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. ஆட்களின் தலைகளுக்கு நடுவே ஒரு கண்ணும் பாதி முகமும் தெரிந்தன. எட்டிப்பார்க்கக்கூட இல்லை. யாரோ உள்ளே போக வழி கேட்டபோது இன்னும் ஓரமாக ஒதுங்கினார்.

அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். தலைமாட்டில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் உண்டாயிற்று. வாசலைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள்.

தூரத்து உறவில் ஓர் அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அப்பாடா, இடம் விட்டியே" என்று அந்த இடத்தில் உட்கார்ந்து முட்டியை மெதுவாக நீட்டிக்கொண்டாள்.